கண் ஆபரேஷனும் எங்க ஊர் பயமும்

எங்க பக்கத்துல, அதாவது பெரம்பலூர் அரியலூர் சுத்துவட்டாரத்துல, வயசானவங்க யாருகிட்டயாவது போய் "கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்றீங்களே, ஆபரேஷன் பண்ணிக்கலாமே"ன்னு சொல்லிப் பாருங்க. சட்டுனு ஒரு பதில் வரும். "ஏன்யா, அந்த அறுபது பேருக்கு ஆன மாதிரி எனக்கும் ஆகணுமா?"

வெளியூர் நண்பர்களுக்கு இது புரியாது. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2008 ஜூலை கடைசி. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து கிராமம் ஒன்றில் இலவச கண் சிகிச்சை முகாம் நடந்தது. புரை இருக்குன்னு தேர்ந்தெடுத்தவங்களை வண்டியில ஏத்தி பெரம்பலூருக்குக் கூட்டிட்டு வந்தாங்க. திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையின் பெரம்பலூர் கிளையில் ஆபரேஷன். அடுத்தடுத்த நாட்கள்ல ஒவ்வொருத்தரா வலி, சிவப்பு, சீழ்னு வர ஆரம்பிச்சது. கடைசியில் 66 பேருக்கு ஆபரேஷன் செஞ்ச கண்ணுல பார்வை போனது. எல்லாரும் ஏழை பாழைங்க. கூலி வேலைக்குப் போறவங்க, ஆடு மேய்க்கிறவங்க. வழக்கு உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், விசாரணை சிபிஐ கைக்கு மாறி, 2018-ல் திருச்சி நீதிமன்றம் பொறுப்பில் இருந்த சிலருக்கு ஒரு வருஷ சிறைத் தண்டனை கொடுத்தது. கண்ணு போனது 2008-ல், தீர்ப்பு வந்தது 2018-ல். பத்து வருஷத்துல அவங்கள்ல எத்தனை பேர் தீர்ப்பைக் கேக்க உயிரோட இருந்திருப்பாங்கன்னு நினைச்சா நெஞ்சை என்னமோ பண்ணுது.

அந்த செய்தியை அப்ப டீக்கடை டீக்கடையா பேசினாங்க. எங்க அம்மா குன்னம் பக்கம் எங்க ஊர்ல பருத்தி எடுத்துக்கிட்டே கூட வந்தவங்க சொல்லக் கேட்டாங்க. கேட்ட அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க போல. "என் கண்ணுல மட்டும் எவனும் கத்தி வைக்கக் கூடாது"ன்னு. அப்ப அவங்களுக்கு ஐம்பது வயசு, கண்ணுல ஒண்ணுமில்ல. ஆனா பயம் மட்டும் முன்கூட்டியே வந்து உக்காந்திருச்சு.

இப்ப அறுபத்தேழு. பத்து வருஷமா சர்க்கரை. ரெண்டு கண்ணுலயும் புரை, வலது கண்ணுல நல்லா முத்திப்போச்சு. முதல்ல ஊசியில நூல் கோக்க பேத்தியைக் கூப்பிட்டாங்க. அப்புறம் பஸ்ஸை போர்டைப் பாத்து இல்லாம நிறத்தைப் பாத்து ஏற ஆரம்பிச்சாங்க. ராத்திரி எதிர்ல வண்டி வந்தா லைட்டெல்லாம் சிதறிச் சிதறி தெரியுதும்பாங்க. நான் எத்தனை தடவை சொன்னாலும் "எனக்கு இது போதும் சாமி, நான் என்ன கலெக்டர் வேலைக்கா போறேன்"ன்னுதான் பதில்.

திருப்பம் வந்தது ஒரு டவுன் பஸ்ல. இருபது ரூபாய்னு நினைச்சு இருநூறு ரூபாய் நோட்டை நீட்டியிருக்காங்க. மகளிருக்கு கட்டணம் இல்லையேன்னு கேக்காதீங்க, கூட இருந்த சின்ன வெங்காய மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் :-) கண்டக்டர் நல்லவரு, "ஏம்மா, இது இருநூறும்மா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். அம்மாவுக்கு அது பெரிய அடி. காசு போகலைங்கறது ஒரு பக்கம். பத்து பேர் முன்னாடி ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுக்கவேண்டியதாப் போச்சேங்கறதுதான் அவங்களுக்கு. சாயங்காலம் போன்ல "எங்கியாவது நல்ல எடமா பாரு"ன்னாங்க. நான் இருந்த எடத்துலயே ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். புரைன்னா என்ன? கண்ணுக்குள்ள நமக்கு ஒரு லென்ஸ் இருக்கு, பிறவியிலேயே. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கவேண்டியது. வயசாக ஆக அதுல இருக்கிற புரதம் திரிஞ்சுபோய் பால் கலந்த மாதிரி ஆயிடுது. பாலைக் காய்ச்சுனா ஆடை கட்டுறது மாதிரின்னு டாக்டர் அம்மாகிட்ட சொன்னார், அவங்களுக்கு டக்குனு புரிஞ்சது. எங்க ஊர்ல "கண்ணுல சதை வளந்திருக்கு"ம்பாங்க. சதை வளர்றது வேற வியாதி, அது கண்ணு மேல வெள்ளை முழியில இருந்து வர்றது. புரை உள்ளே. சொட்டு மருந்து விட்டாலோ, மூலிகைச் சாறு விட்டாலோ கரையாது. ஆபரேஷன் ஒண்ணுதான் வழி.

இது ஒண்ணும் புதுசு இல்ல. சுசுருதர் காலத்துல இருந்தே ஊசியால் குத்தி மங்கின லென்ஸை கண்ணுக்குள்ள கீழ தள்ளிவிடற வைத்தியம் இருந்திருக்கு. எங்களுக்குப் பக்கத்துல தஞ்சாவூர்ல, சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளோட கேஸ் ஷீட்டு, கண்ணை அப்படியே வரைஞ்ச படங்களோட சரஸ்வதி மகால் நூலகத்துல இன்னும் இருக்கு. ஆனா அதெல்லாம் லென்ஸை எடுக்கறதோட சரி. எடுத்த எடத்துல இன்னொரு லென்ஸ் வைக்கலாம்னு ஹரால்ட் ரிட்லிங்கற இங்கிலாந்து டாக்டர் செஞ்சு காட்டினது 1949-ல். ரெண்டாம் உலகப்போர்ல விமானம் ஓட்டினவங்க கண்ணுக்குள்ள, உடைஞ்ச விமானக் கண்ணாடியோட பிளாஸ்டிக் சில்லு போய் உக்காந்தும் கண்ணு அதை எதிர்க்காம இருந்ததைப் பாத்து வந்த யோசனையாம். நம்ம ஊர்ல அந்த லென்ஸ் வெளிநாட்டு விலையில ஏழைக்கு எட்டாம இருந்தது. மதுரை அரவிந்த் காரங்க 1992-ல் ஆரோலேப்னு ஆரம்பிச்சு இங்கேயே செய்ய ஆரம்பிச்சப்புறம்தான் விலை தடாலடியா இறங்குச்சு. அதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆன தாத்தாக்கள் சோடாபுட்டி கண்ணாடி போட்டிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? லென்ஸை எடுத்துட்டு உள்ள ஒண்ணும் வைக்காம விட்டதால் வந்தது அது.

திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில பாத்தோம். பேரு வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் தேதி கொடுக்க மாட்டேன்னுட்டாங்க, மூணு வாரம் ஓடிச்சு. கண்ணோட நீளத்தை அளந்து லென்ஸ் பவர் கணக்கு போட்டாங்க. கண்ணீர் போற குழாய்ல தண்ணி செலுத்தி அடைப்பு இருக்கான்னு பாத்தாங்க. அம்மா "கண்ணு ஆபரேஷனுக்கு மூக்குல ஏன்யா தண்ணி வருது"ன்னாங்க. அந்தக் குழாய்ல சீழ் தேங்கியிருந்தா அங்கேருந்து கிருமி கண்ணுக்குள்ள போயிடும், அதுக்குத்தான் இதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை வந்தது அந்த இடத்துலதான். பளபளா தரையோ ஏசியோ பாத்து வரல.

புரை ரொம்ப முத்தி பழுப்பாகிக் கெட்டியாயிட்டதால், மிஷின் வச்சு உடைச்சு உறிஞ்சற முறை வேண்டாம், கொஞ்சம் பெரிய வெட்டா போட்டு முழுசா எடுத்துடலாம், தையல் தேவைப்படாதுன்னாங்க. மிஷின்ல பண்ணாதான் ஒஸ்தின்னு நம்ம ஆளுங்ககிட்ட ஒரு நினைப்பு இருக்கு. கெட்டிப் புரையில ரெண்டுக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இல்லையாம். சீக்கிரமே வந்திருந்தா மிஷின்லயே ஈஸியா போயிருக்கும்னு டாக்டர் சொன்னப்ப அம்மா என்னைப் பாத்தாங்க. நான் சுவத்தைப் பாத்தேன்.

கண்ணு பக்கத்துல மரத்துப்போற ஊசி, அப்புறம் அரை மணி நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு. "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்"னாங்க.

மறுநாள் காலையில கட்டைப் பிரிச்சாங்க. முதல்ல என்னைத்தான் பாத்தாங்க. "ஏன் சாமி, தலை இம்புட்டு நரைச்சுப் போச்சு?" நான் நாலஞ்சு வருஷமாவே நரைச்சுத்தான் இருக்கேன். தங்கமணி பக்கத்துல நின்னு சிரிச்ச சிரிப்பு இருக்கே! அடுத்ததா ஆஸ்பத்திரி சுவத்தைப் பாத்துட்டு "நேத்து வெள்ளையா இருந்துச்சு, ராவோட ராவா நீலம் அடிச்சிட்டாங்களா?"ன்னாங்க. எனக்கே பக்குனு ஆச்சு. டாக்டர் சிரிச்சாரு. பழைய லென்ஸ் மஞ்சளாவும் பழுப்பாவும் ஆகி நீல நிறத்தை வடிகட்டிக்கிட்டே இருந்திருக்கு. இப்ப அது இல்ல, அதனால வெள்ளை கொஞ்ச நாளைக்கு நீலமாத் தெரியும், மூளை பழகிக்கும்னாரு. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து அம்மா ரொம்ப நேரம் அதையே செஞ்சு பாத்துக்கிட்டிருந்தாங்க. இடது கண்ணுல பாத்தா பழைய துணி, வலது கண்ணுல பாத்தா சொட்டு நீலம் போட்ட துணி.

அரியலூர்ல எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். ஊர்ல விட்டா அடுப்பு, மாடு, காடுன்னு போயிடுவாங்க. ஆனா அரியலூர்ல வேற தொல்லை. சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி, புழுதி. வாசல்ல நின்னாலே மூஞ்சியில ஒரு கோட்டிங் விழும். கருப்புக் கண்ணாடி இல்லாம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு தங்கமணி சட்டம் போட்டாச்சு. ராத்திரி தூக்கத்துல கண்ணைத் தேய்ச்சிடாம இருக்க பிளாஸ்டிக் மூடி. ஒரு மாசத்துக்கு கண்ணுக்குள்ள தண்ணி போகக் கூடாது, கழுத்துக்குக் கீழ குளிக்கலாம், தலைக்கு ஊத்தறதா இருந்தா அண்ணாந்து உக்காந்து வேற ஒருத்தர் ஊத்தணும். குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது. சின்ன வெங்காயம் உரிக்கக் கூடாது. இந்தக் கடைசி ஐட்டம் டாக்டர் சீட்டுல இல்ல, நாங்களா சேத்தது. பெரம்பலூர்க்காரங்களுக்கு சின்ன வெங்காயம் உரிக்கத் தடைன்னா அது பாதி ஜெயில் :-)

பத்தியம்னு சொந்தக்காரங்க கொண்டு வந்தது வேற லிஸ்ட். கத்தரிக்கா கூடாது, கருவாடு கூடாது, புளி கூடாது, பச்சைத் தண்ணி கூடாது. டாக்டர்கிட்ட கேட்டேன், சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும், மத்தபடி எல்லாம் சாப்பிடலாம்னுட்டார். இதைச் சொன்னா ஊர்ல யார் நம்பறா? ஒரு பெரியம்மா வந்து, சிவப்பு குறைய தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடச் சொன்னாங்க. அதுக்கு மட்டும் நான் முகத்துக்கு நேராவே முடியாதுன்னேன். வெட்டு ஆறாத கண்ணுல அது கிருமிக்கு விருந்து வைக்கிற மாதிரி. கோவிச்சுக்கிட்டுப் போனாங்க. போகட்டும்.

சொட்டு மருந்துதான் பெரிய வேலை. கிருமிக்கு ஒண்ணு, வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஒண்ணு. ஸ்டீராய்டு முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் அஞ்சு, அப்புறம் நாலுன்னு ஆறு வாரத்துக்கு படிப்படியா குறையும். நல்லாத்தானே தெரியுதுன்னு பாதியில நிறுத்திட்டா உள்ள வீக்கம் திரும்பிடும். அதே ஸ்டீராய்டு சிலருக்கு கண் அழுத்தத்தை ஏத்தவும் செய்யும். அதனாலதான் நடுநடுவுல வந்து காட்டச் சொல்றாங்க. எங்க பொண்ணு தினசரி காலண்டர் தாளைத் திருப்பி கட்டம் போட்டு, ஊத்த ஊத்த டிக் அடிச்சா. பாட்டி, பேத்தி ரெண்டு பேரும் சோப்பு போட்டு கை கழுவின பிறகுதான் பாட்டிலைத் தொடணும். பாட்டில் மூக்கு இமையில படக்கூடாது. பொண்ணு இதுல என்னைவிடக் கறார்.

நாலாம் நாள் ராத்திரி. சாப்பிட்டு முடிச்சு ஒன்பது மணி இருக்கும். அம்மா ஒண்ணும் பேசாம கட்டில்ல ஓரமா உக்காந்திருந்தாங்க. கேட்டேன். "லேசா வலிக்குது சாமி. மதியத்துல இருந்து."

டார்ச் அடிச்சுப் பாத்தேன். காலையில இருந்ததைவிட சிவப்பு. காலையில படிச்ச காலண்டர் தேதி இப்ப புகை மூட்டமா இருக்குன்னாங்க.

மதியத்துல இருந்து ஏம்மா சொல்லலைன்னு கேட்டா, "நீ வேலைக்குப் போயிருந்தியே"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் நேரம் கழிச்சு, மெதுவா, "அந்த பெரம்பலூர் ஆளுங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"ன்னாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஏன்னா அப்படித்தான் ஆரம்பிச்சுது.

ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணுக்குள்ள கிருமி புகுந்து வர்ற தொற்றுக்கு எண்டாப்தால்மைட்டிஸ்னு பேரு. பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்ள காட்டும். அடையாளம் மூணு. வலி கூடும், சிவப்பு கூடும், வந்த பார்வை குறையும். ஆபரேஷன் ஆன கண்ணுல உறுத்தல், லேசான சிவப்பு, தண்ணி வடியறது எல்லாம் சகஜம்தான், ஆனா அது நாளுக்கு நாள் குறையணும். திசை முக்கியம். குறைஞ்சுக்கிட்டே வந்தது திரும்பி ஏற ஆரம்பிச்சா மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. மணிக்கணக்குல கண்ணு போயிடும். சீக்கிரம் பாத்தா கண்ணுக்குள்ளேயே ஆன்ட்டிபயாடிக் ஊசி போட்டு, தேவைப்பட்டா உள்ள இருக்கிற ஜெல்லியை எடுத்து சுத்தம் பண்ணி, காப்பாத்த முடியலாம். டிஸ்சார்ஜ் அன்னைக்கு நர்ஸம்மா இதை ரெண்டு தடவை சொல்லி, ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தாங்க. அதை டிவி மேல ஒட்டி வச்சிருந்தோம்.

நம்பருக்கு அடிச்சேன். எடுத்தவர் ரெண்டே கேள்வி கேட்டார், வலி கூடுதா, பார்வை குறையுதா. ரெண்டுக்கும் ஆமாம்னேன். "உடனே கிளம்பி வாங்க, வேற எந்த மருந்தும் ஊத்தாதீங்க"ன்னார். தெரிஞ்ச தம்பியோட கார். அரியலூர்ல இருந்து திருச்சி பகல்லயே நீளமான ரோடு. ராத்திரியில லாரிகளுக்கு நடுவுல இன்னும் நீளம். அம்மா பின் சீட்டுல தங்கமணி தோள்ல சாஞ்சுக்கிட்டு ஒண்ணுமே பேசல. சிறுவாச்சூர் மதுரகாளிக்கு வேண்டிக்கிட்டாங்கன்னு அப்புறமா சொன்னாங்க.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. பார்வை பாத்தாங்க, அழுத்தம் பாத்தாங்க, ஸ்லிட் லேம்ப்ல ரொம்ப நேரம் பாத்தாங்க, உள்ள ஸ்கேன் எடுத்தாங்க. கண் அழுத்தம் 34. இருக்கவேண்டியது 10-ல் இருந்து 21. உள்ள அழற்சி இருக்கு, கருவிழி லேசா உப்பியிருக்கு, அதான் புகை. பழைய லென்ஸோட ஒரு துணுக்கு உள்ள மிச்சம் இருக்கு, அது கரையற வரைக்கும் இப்படிப் பண்ணும்னாங்க. பின்னாடி ஜெல்லி தெளிவா இருக்கு, சீழ் தேங்கல. "இப்போதைக்கு கிருமி மாதிரி தெரியல சார். ஆனா ஆரம்பத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில திரும்பப் பாத்தாதான் உறுதியா சொல்வேன். வீட்டுக்குப் போகாதீங்க."

அந்தப் பொண்ணு "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கு அது பிடிச்சிருந்தது, ஆனா ராத்திரி பூரா தூக்கமும் போச்சு.

அழுத்தம் குறைய மாத்திரை, சொட்டு. ஸ்டீராய்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தங்கமணியும் நானும் செல்போன்ல அலாரம் வச்சு மாறி மாறி ஊத்தினோம். நடுராத்திரி ரெண்டு மணிக்கு வராண்டா பெஞ்ச்ல உக்காந்து நான் யோசிச்சது அந்த 66 பேரைப் பத்தித்தான். அவங்கள்ல ஒவ்வொருத்தரும் இப்படி ஒரு ராத்திரியைத் தாண்டியிருப்பாங்க. போன் நம்பர் இருந்திருக்குமா? கார் கூப்பிட்டா வர்ற தம்பி இருந்திருப்பானா? முகாம் பஸ் இறக்கிவிட்ட கிராமத்துல, மறுநாள் காட்டுலாமான்னு யோசிச்சுக்கிட்டு எத்தனை பேர் படுத்திருப்பாங்க?

இன்னொண்ணும் தோணிச்சு. எந்த நல்ல ஆஸ்பத்திரியிலயும், எந்தக் கைராசிக்கார டாக்டருக்கும், ஆயிரக்கணக்குல ஒரு கண்ணுக்கு தொற்று வரத்தான் செய்யும். பல நேரம் அந்த நோயாளியோட இமையில, தோல்ல இருக்கிற கிருமியே உள்ள போயிடும். ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணுல அயோடின் மருந்து விட்டு கழுவறதே அதுக்குத்தான். ஒத்தைக் கண்ணுக்கு வந்தா கெட்ட நேரம்னு சொல்லிக்கலாம். ஒரே நாள்ல, ஒரே எடத்துல, வரிசையா பல பேருக்கு வந்தா அது நேரம் இல்ல. எல்லாருக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு. கண்ணுக்குள்ள விட்ட திரவமா இருக்கலாம், சரியா கொதிக்காத கருவியா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம், தியேட்டர் காத்தா இருக்கலாம். பெரம்பலூரோட நிக்கல. பஞ்சாப்ல குமான் 2014, மத்தியப் பிரதேசத்துல பர்வானி 2015, பீகார்ல முசாபர்பூர் 2021. எல்லாமே முகாம், எல்லாமே கூட்டமா.

இதைப் பாத்துட்டு நம்ம ஜனங்க "ஓசி ஆபரேஷன்னா அப்படித்தான்"னு ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. 1976-ல் மதுரையில 11 படுக்கையோட டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்ச அரவிந்த்ல லட்சக்கணக்கான ஏழைங்களுக்கு இலவசமாவும் குறைஞ்ச செலவிலும்தான் ஆபரேஷன் ஆகியிருக்கு. அவங்களே 2017-ல் ஆறு லட்சம் ஆபரேஷன் கணக்கை எடுத்து ஒரு கட்டுரை போட்டாங்க. ஆபரேஷன் முடியறப்ப கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைச் செலுத்தினதால், தொற்று பத்தாயிரத்துக்கு ஏழுங்கற கணக்குல இருந்து ரெண்டா குறைஞ்சதுன்னு. ஓசியா காசாங்கறது இல்ல விஷயம். கருவியைக் கொதிக்க வைக்கிறவர் அன்னைக்கு ஒழுங்கா கொதிக்க வச்சாரா, முதல் ஆள் கண்ணு சிவந்தப்பவே மத்தவங்களை நிறுத்தினாங்களா, வீட்டுக்கு அனுப்பினவங்களைத் தேடிப் போய் பாத்தாங்களா, இதுதான். ஏழைக்கு இந்த மூணையும் தட்டிக் கேக்க வாய் இல்ல, அதுதான் வித்தியாசம்.

காலையில ஏழு மணிக்கு அந்த டாக்டர் பொண்ணு டியூட்டி முடிஞ்சும் போகாம வந்து பாத்தாங்க. அழுத்தம் 22. அழற்சி குறைஞ்சிருந்தது. பெரிய டாக்டரும் வந்து பாத்துட்டு தலையாட்டினார். கிருமி இல்ல. அம்மா காபி கேட்டாங்க. சர்க்கரை போட்டு கேட்டாங்க, கிடைக்கல.

அதுக்கப்புறம் பத்து நாள்ல புகை சுத்தமா விலகிடுச்சு. துணுக்கும் தானா கரைஞ்சுது. ஆனா கதை அதோட முடியறது இல்லைன்னு டாக்டர் விளக்கினார். சர்க்கரைக்காரங்களுக்கு ஒரு மாசம் ஒன்றரை மாசம் கழிச்சு விழித்திரை நடுவுல நீர் கோத்துக்கிட்டு பார்வை குறையலாம், அதனால ஆறாவது வாரம் ஸ்கேன். அம்மாவுக்கு இல்ல, தப்பிச்சோம். எப்பவாவது மின்னல் வெட்டற மாதிரி தெரிஞ்சாலோ, திடீர்னு கருப்புப் புள்ளியா மழை பெஞ்சாலோ, ஒரு பக்கம் திரை இறங்கற மாதிரி இருந்தாலோ அது விழித்திரை கிழியற அடையாளம். வருஷம் கழிச்சுன்னாலும் உடனே வரணும்னார்.

எங்க மாமாவுக்கு ஆனது வேற. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆபரேஷன் ஆகி ஜம்முனு இருந்தவர், மறுபடி மங்குதுன்னு சொல்லி, "லென்ஸ் டூப்ளிகேட்டு, ஏமாத்திட்டாங்க"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சார். புது லென்ஸ் எங்கியும் மங்காது. அதைத் தாங்கிப் பிடிக்கிற பழைய உறை பின்னாடி மங்கியிருக்கு. நிறைய பேருக்கு வர்றதுதான். யாக் லேசர்னு ஒண்ணு, கத்தி இல்ல, ஊசி இல்ல, அஞ்சு நிமிஷம், உறையில ஒரு சின்ன ஜன்னல் திறந்துவிட்டாங்க. மாமா இப்ப டூப்ளிகேட் கதையை விட்டுட்டு லேசர் கதையை சொல்லிக்கிட்டு திரியறார்.

ஆறாவது வாரம் செக்கப். சொட்டு மருந்தெல்லாம் நிறுத்தியாச்சு, படிக்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தாங்க. இடது கண்ணு எப்ப பண்ணிக்கலாம்னு டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கல. அந்த நாலாம் நாள் ராத்திரிக்கு அப்புறம் அம்மாவை வற்புறுத்த எனக்கு மனசு இல்ல.

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. "ஏனுங்க டாக்டரு, என் கூட அன்னைக்கு எத்தன பேருக்குக் கத்தி வச்சீங்க?"

டாக்டர் இதை எதிர்பாக்கல போல. பக்கத்துல இருந்த சிஸ்டரைப் பாத்தார். அவங்க ரிஜிஸ்டரைப் புரட்டி, பதினொண்ணுன்னாங்க.

"அத்தன பேரும் திரும்பி வந்தாங்களா? கண்ணு தெரியுதா?"

டாக்டர் ரிஜிஸ்டரை வாங்கி, விரல் வச்சு ஒவ்வொரு வரியா பாத்தார். உண்மையிலேயே பாத்தார். ஒம்போது பேர் வந்துட்டாங்க, நல்லா இருக்காங்க. ஒருத்தருக்கு உங்கள மாதிரி அழுத்தம் ஏறிச்சு, சரியாச்சு. ஒருத்தர் வரல, அவரோட மகன்கிட்ட போன்ல பேசியிருக்கோம், பார்வை இருக்கு, அடுத்த வாரம் வர்றாருன்னார்.

அம்மா விரல்ல எண்ணிப் பாத்துக்கிட்டாங்க. ஒம்போது, பத்து, பதினொண்ணு.

"அப்ப தை கடைசியில எழுதிக்கங்க. மக்காச்சோளம் அடிச்சு முடிச்சுட்டு வந்துடறேன்."